புள்ளி காணாமல்போன 48 ஸ்லைடுகள்: பவர்பாயிண்டிலிருந்து முப்பரிமாண அரங்கு வரை

பெங்களூரு அல்சூரில் இயங்கும் ஒரு சிறு கிராஃபிக்ஸ் குழுவுக்கு வந்த வேலை இது. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி 48 ஸ்லைடுகள். அவற்றை உலாவியில் திறக்கும் முப்பரிமாண அரங்கு ஒன்றின் சுவர்ப் பலகைகளில் ஒட்ட வேண்டும். ஆறு அறைகள், அறைக்கு எட்டுப் பலகைகள். ஒவ்வொரு பலகையும் அரங்குக்குள் 2.4 மீட்டர் அகலம், 1.35 மீட்டர் உயரம். அரங்கு, உலாவியில் முப்பரிமாணம் வரையும் நிரலகமான த்ரீ ஜேஎஸ்ஸில் கட்டப்பட்டது; அறைகளின் மாடல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து, ஜிஎல்டிஎஃப் என்ற மாடல் கோப்பாக எடுக்கப்பட்டது. ஒரு தொடுதிரையிலும் பள்ளிப் பிள்ளைகளின் போன்களிலும் ஓட வேண்டும் என்பது நிபந்தனை.

ஸ்லைடைப் படமாக எக்ஸ்போர்ட் செய்து பலகையில் ஒட்டுவது அரை நாள் வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். மூன்றாவது முயற்சியில்தான் வேலை தேறியது. முதல் முயற்சியில் போனில் உலாவி செத்தது. இரண்டாவதில் எழுத்து செத்தது. இரண்டும் ஏன் நடந்தன, மூன்றாவது எப்படி நின்றது என்பதே இந்த ஆய்வு.

கைக்கு வந்த கோப்புகளின் நிலை

48 ஸ்லைடும் ஒரே கையில் செய்தவை அல்ல. 31 ஸ்லைடுகள் 16:9 விகிதத்தில், அதாவது 13.333 அங்குலத்துக்கு 7.5 அங்குலம். மீதி 17, பழைய 4:3 விகிதத்தில், 10 அங்குலத்துக்கு 7.5 அங்குலம். பெரும்பாலானவற்றில் தமிழோடு கன்னடமும் ஆங்கிலமும் இருந்தன. சிவசமுத்திரத்தில் 1902-இல் தொடங்கிய நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த பாதை, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் படம், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரையிலான காலவரிசை என்று செய்தி செறிந்த ஸ்லைடுகள். உரை பெரும்பாலும் 18 பாயிண்ட். படக்குறிப்புகள் 12 பாயிண்ட்.

பழைய 17-இல் ஐந்து ஸ்லைடுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. பாமினி யூனிகோடு அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை அது சரியான ஆங்கில எழுத்துதான். இதற்கு எழுத்துருவைத் தேடி நிறுவுவதைவிட, உரையை யூனிகோடுக்கு மாற்றி மறுபடி மெய்ப்புப் பார்ப்பதே நல்லது. மாற்றிகள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களிலும் கிரந்த எழுத்துகளிலும் சறுக்கக்கூடும். கண்ணால் படிக்காமல் விடக்கூடாது.

யூனிகோடு ஸ்லைடுகளிலும் எழுத்துருச் சிக்கல் உண்டு, ஆனால் அது அமைதியான சிக்கல். ஆசிரியர் பயன்படுத்திய எழுத்துரு இல்லாத இடத்தில் விண்டோஸ் நிர்மலாவையோ லதாவையோ போட்டுவிடும். எழுத்து தமிழாகவே தெரியும். அகலம் மட்டும் மாறும். ஒரு வரி இரண்டாகி, கடைசி வரி பெட்டிக்கு வெளியே விழும். ஆசிரியரிடமே 'எழுத்துருவைக் கோப்பில் பதி' என்ற விருப்பத்தைத் தேர்ந்து சேமிக்கச் சொல்வது ஒரு வழி. பதிக்க உரிமம் தடுக்கும் எழுத்துருவுக்கு அது உதவாது. அப்போது அவர் கணினியிலேயே பிடிஎஃப் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் மிச்சமுள்ள வழி.

முதல் முயற்சி: 300 என்ற எண்

விண்டோஸ் பவர்பாயிண்ட், எதையும் மாற்றாமல் பிஎன்ஜி எடுத்தால், அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் எடுக்கும். அகல ஸ்லைடு 1280×720 ஆக வரும். இது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பவர்பாயிண்டின் ஆப்ஷன்ஸ் கிளைக்குள் 'எக்ஸ்போர்ட் பிட்மேப் ரெசல்யூஷன்' என்ற டிவேர்ட் (எண்) வகை மதிப்பை, சொற்களுக்கிடையே வெளி விடாமல் உருவாக்கி, டெசிமலில் 300 என்று போடுவது பரவலான வழக்கம். இங்கும் அதுதான் நடந்தது. அகல ஸ்லைடுகள் 4000×2250, பழையவை 3000×2250 என்று வந்தன.

வட்டில் மொத்தக் கோப்புகளின் அளவு 80 எம்பிதான். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். பிசகு அங்கேதான் தொடங்கியது. பிஎன்ஜியின் சுருக்கம் வட்டிலும் இணையத்திலும் மட்டுமே செல்லும். கிராஃபிக்ஸ் நினைவகத்துக்குப் போகும்போது ஒவ்வொரு பிக்சலும் நான்கு பைட்டாக விரிந்துவிடும். வெள்ளைத் தாள்போல் வெறுமையாக இருக்கும் ஸ்லைடும், புகைப்படம் நிறைந்த ஸ்லைடும் அங்கே ஒரே எடை.

கணக்கு இது: 4000 × 2250 × 4 = 3.6 கோடி பைட், ஏறத்தாழ 34 எம்பி. தூரத்தில் பார்க்கும்போது மினுமினுக்காமல் இருக்க, பாதி, கால், அரைக்கால் என்று அடுக்கடுக்காகச் சிறிய பிரதிகள் தேவை. அதைத்தான் மிப்மேப் என்கிறோம். அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆக ஓர் அகல ஸ்லைடுக்கு 46 எம்பி, பழைய ஸ்லைடுக்கு 34 எம்பி. 48-க்கும் சேர்த்தால் ஏறத்தாழ 2 ஜிபி. தொடுதிரைக்குப் பின்னால் இருந்த கணினி முக்கி முனகித் தாங்கியது. 4 ஜிபி ரேம் கொண்ட ஆண்ட்ராய்டு போனில், எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஹேண்டாகக் கிடைக்கும் ரகம்தான், இரண்டாவது அறைக்குப் போவதற்குள் உலாவிப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

4000×2250 என்ற அளவுக்கு இன்னொரு குறையும் உண்டு. கிராஃபிக்ஸ் சிப்புகள் நேரடியாகப் படிக்கும் சுருக்க வடிவங்கள் பலவும் படத்தை 4×4 பிக்சல் கட்டங்களாக வெட்டி வேலை செய்பவை. 2250-ஐ நான்கால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். 150 என்று போட்டு எடுத்தாலும் 2000×1125, 1125 வகுபடாது. 200 என்றால் 2667×1500, 2667 வகுபடாது. ஆக, அந்த ரெஜிஸ்ட்ரி வழி அச்சுக்குத் தோதானது. டெக்ஸ்ச்சருக்கு, அதாவது முப்பரிமாணப் பரப்பில் ஒட்டும் படத்துக்கு, அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, பிக்சலில் நேரடியாகச் சொல்லும் வழியைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாம் முயற்சி: சின்னதாக்கினால் போதுமா?

போன் படுத்ததும் எல்லாப் படத்தையும் 1024×576-க்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80-இல் சேமித்தார்கள். அரங்கு சரளமாக ஓடியது. ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. 'தங்கச் சுரங்கம்' என்ற சொற்களில் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை. 'கோலார்' பல பலகைகளில் 'கொலார்' என்று படிக்கும்படி இருந்தது.

ஆங்கில எழுத்து மங்கினாலும் சொல்லின் உருவத்தை வைத்துக் கண் ஊகித்துக்கொள்ளும். தமிழில் பொருளைத் தாங்கும் அடையாளங்கள் மிகச் சிறியவை: மெய்யின் புள்ளி, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையிலுள்ள ஒரு சுழி, 'கி'க்கும் 'கீ'க்கும் இடையிலுள்ள வளைவு, 'எ'க்கும் 'ஏ'க்கும் இடையிலுள்ள ஒரு சாய்கோடு. படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது இவைதான். கன்னடத்திலும் இதே கதி. கன்னடத்தில் தங்கத்துக்குச் 'சின்ன' என்று பெயர். அந்தச் சொல்லின் இரண்டாவது 'ன' முதல் 'ன'வுக்குக் கீழே சிறிய ஒத்தெழுத்தாகத் தொங்கும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் அது அடுத்த வரியின் தலையில் இடித்து அழுக்குப்போல் ஆகிவிடும்.

எண்ணில் சொன்னால் காரணம் தெளிவாகும். ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். படம் 576 பிக்சல் உயரம் என்றால் ஒரு பாயிண்டுக்கு 1.07 பிக்சல். 18 பாயிண்ட் எழுத்து 19 பிக்சல். இந்த ஸ்லைடுகளில் இருந்த எழுத்துருவில் புள்ளியின் விட்டம் எழுத்தளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆக 2 பிக்சலுக்கும் குறைவு. 12 பாயிண்ட் குறிப்பில் 1.3 பிக்சல். அதன்மேல் ஜேபெக், நிறத் தகவலைப் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும் மட்டுமே வைத்துக்கொள்வதால், நீலப் பின்னணியில் இருந்த சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்து புள்ளியை விழுங்கிவிட்டது. ஸ்லைடுக்கு ஜேபெக் எப்போதுமே வேண்டாம். புகைப்படம் மட்டும் உள்ள ஸ்லைடுக்குக்கூட வேண்டாம், ஏனென்றால் அதிலும் தலைப்பு இருக்கும்.

இந்த முயற்சியில் கவனிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று. 1024 × 576 × 4 பைட், மிப்மேப்போடு சேர்த்தால் சரியாக 3 எம்பி. 2048×1152 அளவுள்ள படத்தைப் பிக்சலுக்கு ஒரு பைட் என்ற சுருக்க வடிவத்தில் வைத்தாலும், மிப்மேப்போடு சேர்த்துச் சரியாக 3 எம்பிதான். அதாவது மங்கலான ஜேபெக்குக்கும், நான்கு மடங்கு பிக்சல் உள்ள தெளிவான படத்துக்கும் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் ஒரே விலை. இது தெரிந்த பிறகு ஸ்லைடைச் சின்னதாக்குவது வெறும் நட்டம்.

எவ்வளவு பெரிய படம் தேவை?

இதை ஊகிக்க வேண்டியதில்லை. கேமராவின் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை. அப்படியானால் பலகையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அதைப்போல் 1.155 மடங்கு உயரம் திரையில் அடங்கும். 2 மீட்டரில் நின்றால் 2.31 மீட்டர் உயரம் திரையின் 1080 பிக்சல் உயரத்தில் விழும், 1.35 மீட்டர் பலகைக்கு 631 பிக்சல் கிடைக்கும். 1.17 மீட்டருக்கு நெருங்கினால் பலகை திரையின் உயரத்தை முழுதாக நிரப்பும்: 1080 பிக்சல். ஆக 1152 பிக்சல் உயரமுள்ள டெக்ஸ்ச்சர் இதற்குச் சரியான அளவு. அதற்கு மேல் ஏற்றுவது, திரையில் தோன்றவே தோன்றாத பிக்சலுக்குக் கூலி கொடுப்பது.

2048×1152 என்பதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அது துல்லியமான 16:9. இரண்டு பக்கமும் நான்கால் வகுபடும். மிப்மேப்பில் 1024×576, 512×288, 256×144, 128×72, 64×36 என்று, மூலப் படத்தையும் சேர்த்து ஆறு படிகள் வரை நான்கால் வகுபட்டுக்கொண்டே வரும். அடுத்த படி 32×18-இல்தான் பிசகும். எனவே ஆறு படிகளோடு நிறுத்திவிடலாம். 64×36-க்குக் கீழே ஒரு ஸ்லைடில் என்ன தெரியப் போகிறது? இரண்டின் அடுக்கு அளவையே கேட்கும் பழைய சாதனங்களுக்காக 2048×1024-க்கு அமுக்கி எடுப்பதும் உண்டு. பலகையில் ஒட்டும்போது விரிந்து சரியாகிவிடும். ஆனால் செங்குத்தில் ஒன்பதில் ஒரு பங்கு விவரம் போய்விடும், அதுவும் புள்ளி இருக்கும் திசையில். உலாவியின் முப்பரிமாண வரைகலைத் தரமான வெப்ஜிஎல் 2 ஓடும் சாதனங்கள்தான் இலக்கு என்பதால் இங்கே அது தேவைப்படவில்லை.

இனி எழுத்தளவு. 1152 பிக்சலில் ஒரு பாயிண்டுக்கு 2.13 பிக்சல். 18 பாயிண்ட் எழுத்தின் புள்ளி 3.8 பிக்சல், 2 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அது திரையில் 2.1 பிக்சல். 12 பாயிண்டுக்கு அதே தூரத்தில் 1.4. திரையில் புள்ளிக்கு இரண்டு பிக்சலாவது கிடைக்காவிட்டால் அது நம்பத்தக்க புள்ளி அல்ல. அதனால் 12 பாயிண்ட் குறிப்புகள் இருந்த ஒன்பது ஸ்லைடுகள் ஆசிரியருக்கே திரும்பிப் போயின: குறிப்பை 20 பாயிண்டுக்கு ஏற்றுங்கள், இடம் போதாவிட்டால் வாக்கியத்தைச் சுருக்குங்கள் என்று. டெக்ஸ்ச்சரில் எத்தனை வித்தை செய்தாலும் 12 பாயிண்ட் தமிழைச் சுவரில் காப்பாற்ற முடியாது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் முயற்சி: படிப்படியாக

எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் ஸ்லைடுகளில் செய்த வேலைகள் சில. அனிமேஷனில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துபோகும் படங்கள் ஆறு ஸ்லைடுகளில் இருந்தன. எக்ஸ்போர்ட்டில் அனிமேஷன் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அடுக்கி விழும். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். அவற்றைத் தனித்தனி ஸ்லைடாகப் பிரித்தோ, தேவையற்றதை நீக்கியோ ஆக வேண்டும். வீடியோ இருந்தால் அதன் முகப்புப் படம் மட்டும் வரும். அடிக்குறிப்பில் தானாக மாறும் தேதி இருந்தால் எக்ஸ்போர்ட் செய்த நாளின் தேதி படத்தில் பதிந்துவிடும். வரலாற்றுக் கண்காட்சியில் அது குழப்பம். அட்டவணைக் கோடுகள் 0.75 பாயிண்டில் இருந்தன. இரண்டாம் மிப் படியிலேயே அவை விட்டுவிட்டுத் தெரிந்ததால் 1.5-க்கு ஏற்றப்பட்டன. மெல்லிய நிறச்சாய்வுப் பின்னணிகள் ஒற்றை நிறமாக மாற்றப்பட்டன. கட்டக்கட்டமாகச் சுருக்கும் எந்த வடிவத்துக்கும் மெல்லிய சாய்வு பகை. வானவில் பட்டைபோல் வரி வரியாகத் தெரியும்.

பிறகு மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல். பவர்பாயிண்டின் நிரல்மொழியான விபிஏவில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எக்ஸ்போர்ட் என்ற கட்டளை உண்டு. கோப்பின் பெயர், 'பிஎன்ஜி' என்ற வடிப்பான் பெயர், அகலம், உயரம் என்று நான்கு விவரம் கொடுத்தால் போதும். அகல ஸ்லைடுக்கு 4096, 2304. பழையவற்றுக்கு 3072, 2304. தேவைக்கு இரண்டு மடங்கில் எடுத்துப் பிறகு பாதியாக்குவதில் எழுத்தின் ஓரம் ஒழுங்காக வருகிறது. சரியாகப் பாதி என்பதால் நான்கு பிக்சலைச் சராசரி எடுத்து ஒன்றாக்கும் எளிய பெட்டி வடிப்பானே போதும். லான்சோஸ் என்ற வேறொரு வடிப்பான் கூர்மையாகத் தெரியும். ஆனால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிறிய வளையம் போடும், அந்த வளையம் 'ங்'கின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள இடத்தில் விழுந்தால் இரண்டும் குழம்பிவிடும்.

மேக்ரோவில் மூன்று விஷயங்கள் தவறக்கூடாது. கோப்பின் எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எழுத வேண்டும். பவர்பாயிண்ட் தானாகப் போடும் பெயர் 1, 2, 10 என்று போவதால், பெயர் வரிசையில் 1-க்கு அடுத்து 10 வந்துவிடும். முதல் முயற்சியில் இரண்டாவது பலகையில் பத்தாவது ஸ்லைடு தொங்கியதற்கு இதுதான் காரணம். மறைத்துவைத்த ஸ்லைடுகளையும் சுழற்சி விடாமல் எடுத்துவிடும், அதனால் மறைக்கப்பட்டதா என்று கேட்டுத் தாண்ட வேண்டும். மூன்றாவதாக, வந்த படத்தின் அகல உயரத்தைப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

பிடிஎஃப் ஆக வந்த ஸ்லைடுகளுக்குப் பிடிஎஃப் டு பிபிஎம் என்ற கட்டளைவரிக் கருவி. அகல ஸ்லைடின் பக்கம் 960×540 பாயிண்ட், அங்குலத்துக்கு 307.2 என்று கொடுத்தால் துல்லியமாக 4096×2304 வரும். இது எண்ணுக்கு முன் பூஜ்யத்தைத் தானே போட்டுக்கொள்ளும். லினக்ஸில் லிப்ரே ஆஃபீஸ் வழியாகப் பிடிஎஃப் எடுப்பதும் நடக்கும்; ஆனால் வரி உடையும் இடம் பவர்பாயிண்டில் உள்ளதுபோல் இருக்காது. கன்னடமும் தமிழும் கலந்த ஸ்லைடில் நிச்சயம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நேரடியாகப் பிஎன்ஜிக்கு மாற்றச் சொன்னால் அது முதல் ஸ்லைடை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும், அதனால் பிடிஎஃப் வழிதான்.

4:3 ஸ்லைடுகளைப் பவர்பாயிண்டுக்குள் ஸ்லைடு அளவை மாற்றி 16:9 ஆக்க முயன்றால் பொருள்கள் இடம் மாறும், சில படங்கள் வெட்டுப்படும். பலகையில் அப்படியே ஒட்டினாலோ எழுத்து மூன்றில் ஒரு பங்கு குண்டாகும். பாதியாக்கிய பிறகு கிடைத்த 1536×1152 படத்தை 2048×1152 தாளின் நடுவில் வைத்து, இரு பக்கமும் 256 பிக்சலை ஸ்லைடின் பின்னணி நிறத்தாலேயே நிரப்புவதுதான் நாணயமான வழி. கருப்புப் பட்டை போட்டால் தொலைக்காட்சியில் பழைய படம் பார்ப்பதுபோல் இருக்கும்.

அடுத்தது சுருக்கம். கேடிஎக்ஸ் 2 என்ற டெக்ஸ்ச்சர் கோப்புப் பொதியில், பேசிஸ் யூனிவர்சல் என்ற படச் சுருக்க முறையின் இரண்டு வகைகளில் ஒன்றைத் தேர வேண்டும். இடிசி 1எஸ் கோப்பளவில் மிகச் சிறியது. ஆனால் எழுத்தின் ஓரம் உதிர்ந்துபோகும். எழுத்துள்ள படத்துக்கு யூஏஎஸ்டிசிதான். அது, சிப்புகள் நேரடியாகப் படிக்கும் வடிவங்களான பிசி 7 ஆகக் கணினியிலும் ஏஎஸ்டிசி 4×4 ஆகப் போனிலும் மாறி நினைவகத்துக்குப் போகும். இரண்டுமே பிக்சலுக்கு ஒரு பைட். பழைய பிசி 1-இல் ஒரு 4×4 கட்டத்துக்கு நான்கே நிறங்கள், அவையும் இரு முனைகளுக்கு நடுவே ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நீலத்தில் சிவப்பு எழுத்தும் பக்கத்தில் வெள்ளைக் கோடும் ஒரே கட்டத்தில் வந்தால் அதனால் சமாளிக்க முடியாது. யூஏஎஸ்டிசியின் குறை, இறக்கும் கோப்பு பெரியது. அதன்மேல் இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கத்தையும் போட்டால், வெறுமையான இடம் அதிகமுள்ள உரை ஸ்லைடுகள் நன்றாகவே சுருங்கும். புகைப்பட ஸ்லைடுகள் அவ்வளவாகச் சுருங்காது. அறை அறையாக இறக்கினால் போதும்: எட்டுப் பலகைகள், நினைவகத்தில் 24 எம்பி. போனில் இனி மூச்சுமுட்டல் இல்லை. ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா தடம் இருந்தால் பொதிவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். ஸ்லைடுக்கு அதில் வேலையே இல்லை.

மிப்மேப் பற்றி, பலரும் கவனிக்காத ஒன்று. எஸ்ஆர்ஜிபி (திரைகளின் வழக்கமான நிறவெளி) படத்துக்கு மிப்படிகளை முறையாகச் செய்யும் கருவி, ஒளியளவில் சராசரி எடுக்கும். வெள்ளையில் கருப்புப் புள்ளி பாதி பிக்சலை மூடினால் விடை (கருப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில்) 188 என்ற வெளிர் சாம்பல், புள்ளி மங்கிவிடும். கருப்பில் வெள்ளைப் புள்ளி பாதி பிக்சலை மூடினாலும் அதே 188. ஆனால் அங்கே அது பளிச்சென்று நிற்கும். அதாவது தூரத்தில், அடர் பின்னணியில் வெளிர் எழுத்துள்ள ஸ்லைடில்தான் புள்ளி பிழைக்கும். பின்னணியை மாற்ற ஆசிரியர் சம்மதித்த 14 ஸ்லைடுகளில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. மற்றவற்றில் எழுத்தைக் கொஞ்சம் தடிமனான வகைக்கு மாற்றியதோடு விட வேண்டியதாயிற்று.

அரங்குக்குள் ஒட்டும்போது

பிஎன்ஜியாகச் சோதித்த கட்டத்தில் எல்லாப் பலகையும் தலைகீழாக நின்றன. த்ரீ ஜேஎஸ்ஸின் சாதாரண டெக்ஸ்ச்சர் ஏற்றி, படத்தைச் செங்குத்தாகப் புரட்டித்தான் அனுப்பும். ஜிஎல்டிஎஃப் மாடலின் யூவி கணக்கோ, அதாவது படத்தின் எந்த இடம் பரப்பில் எங்கே ஒட்டும் என்ற கணக்கோ, மேல் இடது மூலையிலிருந்து தொடங்குவது. மாடலில் வேறு படத்தை மாற்றி ஒட்டும்போது 'ஃபிளிப் ஒய்' என்பதை அணைக்க வேண்டும். கேடிஎக்ஸ் 2-க்கு வந்ததும் இந்தச் சிக்கல் தானாகப் போனது, ஏனென்றால் சுருக்கிய படத்தை ஏற்றும்போது புரட்டவே முடியாது. புரட்ட வேண்டுமானால் கோப்பு செய்யும்போதே புரட்டிவிட வேண்டும்.

நிறம் வெளிறியதற்கு இரண்டு காரணங்கள். பிஎன்ஜியை நாமே ஏற்றினால் அதன் நிறவெளியை எஸ்ஆர்ஜிபி என்று சொல்ல வேண்டும்; த்ரீ ஜேஎஸ்ஸில் இந்தப் பண்பின் பெயர் 152-ஆம் வெளியீட்டில் மாறியதால், பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதிய நிரல் சத்தமில்லாமல் தவறும். இரண்டாவது, அரங்கின் வெளிச்ச வீச்சைத் திரைக்குள் அடக்கப் போட்ட டோன் மேப்பிங் ஸ்லைடின் வெள்ளையையும் சாம்பலாக்கிவிடும். பலகைக்கு விளக்கு படாத அடிப்படை மெட்டீரியலைக் கொடுத்து, அதில் டோன் மேப்பிங்கை அணைத்தால் ஸ்லைடின் நிறம் அப்படியே வரும். அறிமுக வீடியோவை பிளெண்டரில் ரெண்டர் செய்தபோதும் இதே சிக்கல்தான்: பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக இருப்பது ஏஜிஎக்ஸ் என்ற நிறமாற்றம்; தானே ஒளிரும் அளவான எமிஷனை 1 என்று கொடுத்த வெள்ளை ஸ்லைடு அதில் அழுக்கு வேட்டிபோல் தெரியும். அந்த நிறமாற்ற அமைப்பான வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

சில பலகைகளின் மேல் விளிம்பில் மயிரிழை நீலக்கோடு. ஸ்லைடின் அடியில் இருந்த நீலப் பட்டையின் நிறம், சுற்றிவந்து மேலே கசிந்தது. ஜிஎல்டிஎஃப்பில் எதுவும் சொல்லாவிட்டால் டெக்ஸ்ச்சர் திரும்பத் திரும்ப வரும் முறையில் இருக்கும். விளிம்போடு நிறுத்தும் கிளாம்ப் முறைக்கு மாற்ற வேண்டும்.

நடைபாதையில் நடந்துபோகும்போது பக்கவாட்டில் தெரியும் பலகைகள் மட்டும் மங்கியது, சாய்வான பரப்பைத் தெளிவாகக் காட்டும் அனைசோட்ரபி மதிப்பு இயல்பாக 1 என்று இருந்ததால். அதை 8 ஆக்கியதும் சாய்வில் நின்று பார்த்தாலும் எழுத்து தெளிந்தது. இந்த ஒரு வரி மாற்றம் தரும் பலனுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கும் யோசனை வருமுன் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

போனில் திரை சிறியது, அதிலும் வேகத்துக்காகக் குறைந்த ரெசல்யூஷனில் வரைவது வழக்கம். 2 மீட்டரில் 18 பாயிண்டைப் படிக்க அங்கே வழியில்லை. எனவே பலகையைத் தொட்டால் கேமரா அதற்கு நேர் எதிரே 1.17 மீட்டரில் போய் நின்று, அந்த நேரத்துக்கு மட்டும் முழு ரெசல்யூஷனில் வரையும்படி செய்யப்பட்டது.

சோதனை

48 பலகைகளையும் மூன்று தூரங்களில் சோதித்தார்கள்: 1.17, 2, 3.5 மீட்டர். ஒவ்வொன்றிலும் தேடியது அழகையல்ல. 'ங்', 'ச்', 'ந்' ஆகியவற்றின் புள்ளி, 'கோ'வின் இரட்டைக்கொம்புச் சுழி, 'லி'-'லீ' வேறுபாடு, கன்னடத்தின் ஒத்தெழுத்து. இவற்றைத் தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் அந்த ஸ்லைடை முன்பு பார்த்திராத ஒருவர்தான் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே படித்தவரின் மனம் இல்லாத புள்ளியையும் வைத்துப் படித்துவிடும். 2 மீட்டரில் 47 தேறின. 3.5 மீட்டரில் தலைப்புகள் மட்டும் படித்தால் போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

தேறாதது 37-ஆவது ஸ்லைடு: சாம்பியன் ரீஃபின் குறுக்குவெட்டு. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கும் சுரங்கத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஆழம் குறித்த எண்ணும் தமிழ்ப் பெயரும். எழுத்தை ஏற்றினால் மட்டங்கள் ஒன்றோடொன்று முட்டின. பிரித்தால் ஆழத்தின் பிரமிப்பே போய்விடும். அந்த ஒன்றை மட்டும் பாதியாக்காமல் 4096×2304-லேயே பொதிந்து, பலகையையும் இரு மடங்கு பெரிதாக்கி ஐந்தாம் அறையின் எதிர்ச்சுவர் முழுவதற்கும் வைத்தார்கள். மிப்மேப்போடு 12 எம்பி. அந்த அறைக்கு அதைத் தாங்க இடம் இருந்தது.